கடலோரம் இருந்தால் அயோடின் கிடைத்துவிடுமா?



போன மாதம் அறிவியல் டீச்சர் எல்லாரையும் வீட்டு உப்பு ஒரு ஸ்பூன் கொண்டுவரச் சொன்னார்கள். ஒவ்வொன்றின் மேலும் சோதனைக் கரைசல் ஒரு சொட்டு விட்டார்கள். பலருடைய உப்பு கத்தரிப்பூ நிறமானது. என்னுடையது வெள்ளையாகவே இருந்தது. "நிறம் மாறலேன்னா அயோடின் இல்லைன்னு அர்த்தம்" என்றார்கள்.

எனக்கு உடனே அக்கா ஞாபகம் வந்தது. அக்கா இப்போது நாலு மாதக் கர்ப்பிணி. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

வீட்டில் சொன்னதும் ஆயா சிரித்தது. "கருவாட்டுக்கு மூட்டையா வாங்குற கடல் உப்புதாண்டி இது. தினம் மீனு துன்றோம். நமக்கு இன்னாத்துக்கு அயோடினு?"

ஆயா கேட்டது நல்ல கேள்வி. டீச்சரிடம் கேட்டும் புத்தகம் பார்த்தும் பதில் எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு வேண்டும்?
பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். 6 முதல் 12 வயது வரை 120. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250. ஒரு கிராமில் 10 லட்சம் மைக்ரோகிராம் உண்டு. அப்படியானால் 70 வருடத்துக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் கூட வராது! ஆனால் உடம்பு இதை நிறைய சேர்த்து வைக்காது. அதனால் தவறாமல் கிடைக்க வேண்டும்.

எதற்கு வேண்டும்?
கழுத்தின் முன்னால் பட்டாம்பூச்சி வடிவில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அது ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். குறைந்தால் சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. வயிற்றில் இருக்கும் குழந்தை முதல் மாதங்களில் தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அப்போது மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

கடல் உப்பில் இல்லையா?
கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு, சுமார் 60 மைக்ரோகிராம் அயோடின். அது முழுவதும் உப்பிலேயே தங்கினாலும், 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் வரும். உப்பளத்தில் காயும்போது அதிலும் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் தனியாகச் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு வரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது அளவு.

மீனில்?
கடல் மீனில் நன்றாகவே உண்டு. மீனுக்கு மீன் அளவு மாறும். முட்டை, பால், தயிரிலும் உண்டு. கடல்பாசியில் மிக அதிகம். 1811-ல் அயோடினைக் கண்டுபிடித்ததே கடல்பாசிச் சாம்பலில்தான். அரிசி, காய்கறியில் மிகக் குறைவு.

ஆனால் நாம் தினமும் மீன் சாப்பிடுகிறோமா? ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். மீன் குழம்பு 4 நாள்தான். நண்டும் இறாலும் எடை போட்டு ஏஜென்டிடம் போய்விட்டன. நம்ம சட்டிக்கு வந்தது மடவையும் பொடி மீனும். அக்காவுக்கு வாந்தி, மீன் வாசனையே ஆகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியிலும் பாடு குறையும். உப்பு மட்டும்தான் எல்லா நாளும் சட்டியில் விழுகிறது.

உங்களுக்குத் தெரியுமா?
★ 1956-ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஆய்வு தொடங்கினார்கள். அயோடின் உப்பு கொடுத்த ஊர்களில் கழலை குறைந்தது.
★ அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006 மே 17 முதல் நாடு முழுவதும் தடை.
★ 2018-19 ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு தமிழ்நாட்டில் 100-க்கு 62 வீடுகளில்தான் இருந்தது. மாநிலங்களில் நாம்தான் கடைசி! தூத்துக்குடி உப்பளம் இருக்கும் மாநிலத்துக்கு இது பெருமையா?

நினைவில் கொள்க
1. பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.
2. மூடிய டப்பாவில், ஈரமும் அடுப்புச் சூடும் படாமல் வைக்கவும்.
3. சமையல் முடியும் நேரத்தில் உப்புப் போட்டால் நல்லது.
4. அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். ரத்தக் கொதிப்பு வரும். உப்பை மாற்றினால் போதும்.

தூள் உப்பு ருசிக்காது என்று ஆயா அடம் பிடித்தது. அப்பா கடையில் கேட்டு அயோடின் கலந்த கல் உப்பு வாங்கி வந்தார். அன்று குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட ஆயா, "ருசி ஒண்ணும் மாறலயே" என்றது. இப்போது மூட்டை உப்பு கருவாட்டுக்கு, பாக்கெட் உப்பு குழம்புக்கு. அக்காவை இந்த மாதச் செக்கப்புக்குக் கூட்டிப் போகும்போது நர்ஸம்மாவிடமும் இதைச் சொல்லப் போகிறோம்.

நண்பர்களே, சோதனைக் கரைசல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் வீட்டு உப்பையும் ஒரு ஸ்பூன் மடித்து எடுத்து வாருங்கள்!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி