நெறிக்கட்டிகள் யாவும் ஒன்றல்ல

காலில் புண் உண்டானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும், புண் ஆறியபின் அது வற்றிவிடுவதும் நாம் அறிந்தவையே. ஆனால் கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியின்றித் தோன்றி, 3 வாரங்களாகியும் வற்றாத கட்டியை நாம் அலட்சியம் செய்தலாகாது. அது காசநோயாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். நீடித்த காய்ச்சல், இரவில் உடை நனையுமளவு வியர்வை, உடல் மெலிவு ஆகியன இரண்டிலும் காணப்படும்.

நிணநீர்ப் புற்றுநோயும் ஒரே நோயன்று. 1832ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகை அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில், ஆந்தையின் கண்களைப் போன்ற இரட்டைக் கருவுடைய பெரிய உயிரணுக்கள் நுண்ணோக்காடியில் தென்படும். ஏனையவை ஹாட்ஜ்கின் அல்லாத வகைகள். இவற்றுட் பெரும்பாலானவை 'பி' உயிரணுக்களிலும், சில 'டி' உயிரணுக்களிலும் தோன்றுகின்றன. சில வகைகள் விரைந்து வளரும். ஆயினும் உடனே சிகிச்சை பெற்றால் பலர் முற்றாகக் குணமடைகின்றனர். வேறு சில ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். தொல்லை தராதவரை அவற்றை மருந்தின்றிக் கண்காணிப்பதும் உண்டு.

வகைக்கேற்பவே மருந்தும் மாறும். 1997 முதல் வழங்கப்படும் 'ரிட்டுக்சிமாப்' என்னும் மருந்து 'பி' வகைகளுக்கு உதவும். 'டி' வகைகளுக்கு உதவாது.

கட்டியைத் தடவிப் பார்த்து மட்டும் வகையை அறிய இயலாது. அதனை அறுத்தெடுத்துச் சோதித்தல் வேண்டும். கத்தி பட்டால் நோய் பரவும் என்றஞ்சிப் பற்றுப் போட்டுக் காலங்கடத்துவது பேதைமை. கட்டியைத் தோட்ட மருத்துவ உதவியாளரிடம் காட்டி, அரசாங்க மருத்துவமனைக்கு விரைவோமாக.