அறுந்த சுட்டுகளும் அவற்றைச் செப்பனிடும் முறையும்



நூலைக் கற்பவர்க்கு ஆசிரியர் எந்நேரமும் அருகில் இருப்பதில்லை. அக்குறையை நிரப்பவே நூலாசிரியர்கள் நூலினுள் சில கைகாட்டிகளை நட்டு வைக்கின்றனர். “இதன் விரிவை மூன்றாம் இயலில் காண்க”, “இச்சொல்லின் பொருள் முன்னரே கூறப்பட்டது” என்பன போன்ற குறிப்புகளே அவை. இவற்றைக் குறுக்குச் சுட்டுகள் என்பர். சுருக்கம் கருதி நாம் சுட்டு என்றே வழங்குவோம்.

கணினித் துறையிலும் இத்தகைய சுட்டுகள் உண்டு. ஒருவர் எழுதிய செயற்கூறுகளைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்துமாறு தொகுத்து வைத்தது நிரல் நூலகம். அதைப் பயன்படுத்தும் முறையைக் கூறுவது அதன் ஆவணம். ஆவணத்தின் ஒரு பக்கம் வேறு பத்துப் பக்கங்களைச் சுட்டும். சொடுக்கியதும் உரிய பக்கம் திறந்தால் நன்று. “பக்கம் இல்லை” என்று வந்தாலோ, சொடுக்குதற்கே இடமின்றி வெறும் எழுத்தாய் நின்றாலோ, அச்சுட்டு அறுந்துவிட்டது என்று பொருள்.

இது சிறு குறைதானே என்று எண்ணலாகாது. பெரிய நிறுவனத்தில் பணியாற்றுவோர் பக்கத்து இருக்கையில் உள்ளவரைக் கேட்டுத் தெளிவர். சிற்றூரிலிருந்து வந்து, ஆங்கில ஆவணத்தை அகராதியின் துணையோடு படிக்கும் மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. சுட்டு அறுந்த இடத்தில் அவர் கல்வியும் நின்றுவிடுகிறது. அதனினும் கொடியது, தமக்கே விளங்கவில்லை என்று அவர் எண்ணிக்கொள்வது. ஆதலின் சுட்டுகள் ஏன் அறுகின்றன, அவற்றை எவ்வாறு செப்பனிடுவது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. காளத்தி தரும் சான்று

கணினிக்குச் செல்லுமுன் நாம் அறிந்த ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். தேவார மூவரும் பாடிய தலம் திருக்காளத்தி. அவ்வூரைக் காளஹஸ்தி என்றும் ஸ்ரீகாளஹஸ்தி என்றும் வழங்குகிறோம். அதன் அருகே ஓடும் ஆறு தமிழ் நூல்களில் பொன்முகலி. தெலுங்கு நாட்டார்க்கு அது ஸ்வர்ணமுகி. பொருள் ஒன்று, பெயர் இரண்டு.

இனி, இவ்வூரின் பழைய வரலாற்றைத் தேடும் மாணவர் ஒருவர், எந்த மாவட்டத்து நூலைப் பார்ப்பார்? 2022 ஏப்ரல் 4 முதல் இவ்வூர் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் சித்தூர் மாவட்டம். ஆனால் சித்தூர் மாவட்டமே 1911இல்தான் அமைந்தது. அதற்கு முன் காளஹஸ்தி ஜமீன் வட ஆர்க்காட்டில் இருந்தது. ஆகவே 1881இல் காக்ஸ் வெளியிட்ட வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டைத்தான் அவர் புரட்ட வேண்டும். அந்த வட ஆர்க்காடும் 1989இல் பிரிக்கப்பட்டது. இன்று அப்பெயரில் மாவட்டமே இல்லை. மாநிலமும் அவ்வாறே: சென்னை மாகாணம், 1953இல் ஆந்திர மாநிலம், 1956இல் ஆந்திரப் பிரதேசம்.

இத்தனை மாற்றங்களிலும் ஊர் ஓரடியும் நகரவில்லை என்பதைக் கருதுக. மாறியவை ஊரைச் சுட்டும் முகவரிகளே. “இன்ன மாவட்டத்தில் காண்க” என்று எழுதிய சுட்டுகள் ஒவ்வொரு மாற்றத்திலும் தளர்ந்தன. ஆனால் 517644 என்னும் அஞ்சல் குறியெண் 2022க்குப் பின்னும் அவ்வூரையே சுட்டுகிறது. மாவட்டத்தின் பெயரை அது சார்ந்திருக்கவில்லை என்பதே காரணம். இடத்தைச் சார்ந்த சுட்டு எளிதில் அறும். நிலைத்த பெயரைச் சார்ந்த சுட்டு நெடுநாள் நிற்கும். இக்கட்டுரையின் கருத்து முழுவதும் இதனுள் அடங்கும்.

2. ஆவணத்தில் சுட்டு இயங்கும் விதம்

பைத்தான் மொழியில் எழுதப்படும் நூலகங்களுக்கு ஆவணம் ஆக்கப் பெரிதும் பயன்படும் கருவி ஸ்பிங்க்ஸ். இதனைக் கியோர்க் பிராண்டல் என்பவர் ஆக்கி 2008இல் வெளியிட்டார். பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக எழுந்த இக்கருவி பின்னர்ப் பிற நூலகங்களுக்கும் பரவியது.

இதில் ஆசிரியர் பக்கத்தின் முகவரியை எழுதுவதில்லை. பொருளின் பெயரையே எழுதுகிறார். இது செயற்கூறு, இது இனக்குழு, இது தொகுதி என்று ஒரு குறியை முன்னே இட்டுப் பெயரைத் தருகிறார். கருவி முதலில் எல்லாக் கோப்புகளையும் படித்துப் பெயரேடு ஒன்று தயாரிக்கிறது. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளது என்பது அதில் பதிவாகும். பின்னர் ஒவ்வொரு சுட்டையும் பெயரேட்டோடு ஒப்பிட்டு இணைப்பாக மாற்றுகிறது. பக்கம் வேறு கோப்புறைக்குச் சென்றாலும், அடுத்த முறை ஆவணத்தைக் கட்டும்போது புதிய முகவரி தானே வந்துவிடும்.

ரஸ்ட் மொழியிலும் இவ்வளர்ச்சி நிகழ்ந்தது. முன்பு அம்மொழியின் ஆவணங்களில் இணைப்புத் தருவோர் கோப்பின் பாதையைக் கையால் எழுத நேர்ந்தது. 2020 நவம்பரில் வந்த 1.48ஆம் பதிப்பு முதல் பொருளின் பெயரை எழுதினாலே போதும் என்றாயிற்று.

பெயரேட்டில் இல்லாத பெயரைச் சுட்டினால் என்ன ஆகும்? இங்கேதான் விழிப்பு வேண்டும். தலைப்புகளையும் பக்கங்களையும் சுட்டுவதில் பிழை நேர்ந்தால் ஸ்பிங்க்ஸ் எச்சரிக்கும். ஆனால் செயற்கூறு, இனக்குழு முதலியவற்றின் பெயர் கிடைக்காவிடின், வழக்கமாக அது ஒன்றும் கூறாது. அப்பெயரை வெறும் எழுத்தாக அச்சிட்டுவிட்டு மேலே செல்லும். எழுதியவர் அறியமாட்டார், படிப்பவரே அல்லற்படுவார்.

3. சுட்டு அறுவதற்குரிய காரணங்கள்

ஒன்று, எழுத்து வேறுபாடு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பகுப்பு இல்லை. ஆங்கிலத்தில் உண்டு; பைத்தானுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். கான்ஃபிக்பார்சர் என்னும் தொகுதி இரண்டாம் பைத்தானில் பெரிய எழுத்தில் தொடங்கிற்று. மூன்றாம் பைத்தானில் முழுதும் சிறிய எழுத்தாயிற்று. பழைய பெயரை எழுதிய சுட்டு புதிய பெயரேட்டில் பொருந்தாது. தமிழ் கற்ற கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதில் தப்பிவிடும்.

இரண்டு, பெயரும் இடமும் மாறுதல். யுஆர்எல்லிப்2 என்ற தொகுதி 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பைத்தானில் பிரிக்கப்பட்டு, கோரிக்கைக்கு ஒன்றும் பிழைகளுக்கு ஒன்றுமாக வேறு தொகுதிகளில் வைக்கப்பட்டது. வட ஆர்க்காடு பிரிந்ததைப் போன்றது இது.

மூன்று, பெயர் முழுமை பெறாமை. ஆலங்காடு என்று மட்டும் சொன்னால் திருவாலங்காடா, தலையாலங்காடா என்பது விளங்காது. அதுபோல ஓப்பன் என்னும் செயற்கூறு பைத்தானில் பல தொகுதிகளில் உண்டு. எத்தொகுதியினது என்று முழுப்பெயர் தருதல் வேண்டும்.

நான்கு, ஒரு பொருளுக்கு இருபெயர். நூலகத்தின் உட்தொகுதியில் வரையறுத்த இனக்குழுவை வெளியே வேறொரு சிறு பெயரால் வழங்குவது வழக்கம். ஆவணம் ஒரு பெயரைப் பதிவு செய்ய, சுட்டு மற்றொரு பெயரை நாடினால் இரண்டும் சேரா. பொன்முகலி என்று தேடுவார்க்கு ஸ்வர்ணமுகி என்ற பதிவு கிட்டாதது போலும்.

ஐந்து, விளக்கமே எழுதப்படாமை. பொருள் நூலகத்தில் இருக்கும், ஆவணத்தில் இராது. இங்கே குற்றம் சுட்டினுடையதன்று.

ஆறு, உயிரோடிருந்தும் வேறொன்றைக் காட்டும் சுட்டு. காளத்தியில் 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அதன் பின் கட்டிய புதிய கோபுரத்திற்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. “1516இல் எழுந்த கோபுரத்தை இங்கே காண்க” என்னும் பழைய நூலை நம்பிச் சென்றால் அங்கே கோபுரம் இருக்கும். ஆனால் அந்தக் கோபுரம் இராது. ஆவணத்திலும் இப்படியே. பதிப்பெண் இல்லாத முகவரி எப்போதும் அண்மைப் பதிப்பையே காட்டும். பக்கம் திறக்கும், பெயரும் ஒக்கும். செயற்கூறு மட்டும் வேறுவிதமாக இயங்கும். இதனை எந்தக் கருவியும் எளிதில் கண்டுபிடியாது. படிக்கும் கண்ணே கண்டுபிடிக்க வேண்டும்.

4. செப்பனிடும் முறை

முதற்படி: ஆவணத்தை அடியிலிருந்து மீண்டும் கட்டுக. மாறாத கோப்புகளை ஸ்பிங்க்ஸ் மறுபடி படிப்பதில்லை; ஆதலின் அவற்றின் எச்சரிக்கைகள் மறைந்திருக்கும். பெரிய ஈ என்னும் தெரிவு எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கச் செய்யும்.

இரண்டாம் படி: சிறிய என் என்னும் தெரிவை இடுக. அப்போது கருவி தன் மௌனத்தை விட்டு, கிடைக்காத பெயர் ஒவ்வொன்றையும் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் கூறும்.

மூன்றாம் படி: எச்சரிக்கைகளைக் கோப்பு வரிசையில் பாராமல், கிடைக்காத பெயரின் வரிசையில் அடுக்குக. முந்நூறு எச்சரிக்கைகள் வந்தாலும் காரணங்கள் பத்தே இருக்கக்கூடும். பிற நூலகங்களைச் சுட்டுவதற்கு, அவற்றின் பெயரேட்டை இணையத்திலிருந்து பெறும் இன்டர்ஸ்பிங்க்ஸ் என்னும் வசதி உண்டு. அந்நூலகம் தன் இணைய முகவரியை மாற்றிவிட்டால் அதனைச் சுட்டிய எல்லாச் சுட்டுகளும் ஒருசேர அறும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் அத்தனையும் உயிர்பெறும்.

நான்காம் படி: பெயரேட்டைத் திறந்து பார்க்க. அதிலுள்ள பெயர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை ஸ்பிங்க்ஸோடு வருகிறது. நாம் எழுதிய பெயரையும் அங்குள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், முற்கூறிய காரணங்களுள் எது என்பது புலப்படும். பெயர் மாறியிருந்தால், எப்போது, ஏன் மாறிற்று என்பதை நிரலின் மாற்ற வரலாற்றில் காணலாம்.

ஐந்தாம் படி: காரணத்திற்கேற்பத் திருத்துக. எழுத்துப் பிழையாயின் எழுத்தைத் திருத்துக. குறைப்பெயராயின் முழுப்பெயர் தருக. இருபெயராயின் இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்க ஸ்பிங்க்ஸின் நான்காம் பதிப்பு முதல் வழி உண்டு. விளக்கம் இல்லையாயின் விளக்கம் எழுதுக.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிடைக்காத சுட்டை அழித்துவிடுவதும், எச்சரிக்கையை அடக்கிவிடுவதும் எளிய வழிகள். ஆனால் அவை செப்பனிடுதல் ஆகா. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்தபோது உ. வே. சாமிநாதையருக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பல மேற்கோள்களை எந்நூலின என்று கூறாமலே எடுத்தாண்டிருந்தார். அவற்றை விடுத்து மூலத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் வேலை எளிதாயிருக்கும். ஐயரவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏட்டுச்சுவடிகளில் தேடித் தேடி, அம்மேற்கோள்கள் சங்க நூல்களில் நிற்கும் இடங்களைக் கண்டார். சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. சங்க நூற்பதிப்புகளும் தொடர்ந்து வந்தன. அறுந்த சுட்டு ஒன்று, மறந்துபோன நூலுக்கு வழியாதலும் உண்டு.

ஆறாம் படி: மீண்டும் அறாமல் காக்க. பெரிய டபிள்யூ என்னும் தெரிவு எச்சரிக்கையைப் பிழையாகக் கருதிக் கட்டுமானத்தைத் தோல்வியுறச் செய்யும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இச்சோதனை தானே நிகழுமாறு அமைத்துவிட்டால், பிழை வாசகரைச் சென்றடையுமுன் எழுதியவரையே தடுத்து நிறுத்தும். வெளி இணைய முகவரிகளைச் சோதிக்க லிங்க்செக் என்னும் தனி வசதி உண்டு. நாம் ஒன்றும் மாற்றாதபோதும் வெளியுலகம் மாறும். ஆகவே அதனைக் குறித்த காலந்தோறும் இயக்குதல் நன்று.

5. பெயரை மாற்றுவோர் கடன்

இதுவரை சுட்டுவோர் செய்யத்தக்கது கூறினோம். சுட்டப்படுவோர்க்கும் கடன் உண்டு. பெயர் மாற்றுவது அவர்கள் உரிமை. ஆனால் பழைய பெயரை நம்பி எத்தனையோ பேர் சுட்டு எழுதியிருப்பர். ஆதலின் பழைய இடத்தில் “இப்போது இன்ன இடத்தில் உளது” என்ற அறிவிப்பை விட்டுச் செல்லுதல் முறை. இணையத்தில் இதற்கெனவே 301 என்னும் மறுமொழி எண் இருக்கிறது. நிரந்தரமாக இடம் மாறிற்று என்பது அதன் பொருள்.

பைத்தான் அமைப்பினர் இக்கடனை உணர்ந்தவர்கள். மூன்றாம் பைத்தானின் ஆவணத்தையே முதன்மையாகக் காட்ட எண்ணியபோது, 2012இல் நிக் கோக்லன் எழுதிய 430ஆம் மேம்பாட்டு முன்மொழிவு ஒரு நெறியை வகுத்தது. இரண்டாம் பைத்தானின் உட்பக்கங்களுக்குப் பிறர் முன்பே எழுதிய சுட்டுகள் தம் பழைய பொருளை இழக்கலாகாது என்பதே அந்நெறி. புதியதைத் தலைவாயிலில் வைத்தனர். பழைய வழிகளையும் அடைக்கவில்லை.

முடிவுரை

சுட்டு என்பது எழுதுவோர் படிப்போர்க்குக் கொடுக்கும் வாக்கு. அதனைக் காப்பதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். ஆதலின் திறந்த மூல நூலகங்களில் பணி செய்ய விரும்பும் மாணவர்க்கு இதனினும் நல்ல தொடக்கம் இல்லை. ஓர் ஆவணத்தைத் தேர்ந்து, மேற்கூறிய முறையில் கட்டிப் பார்த்து, அறுந்த சுட்டு ஒன்றன் காரணத்தைக் கண்டு திருத்தி அனுப்புங்கள். அவ்வொன்றைத் தேடுகையிலேயே அந்நூலகத்தின் அமைப்பு உங்களுக்கு விளங்கத் தொடங்கும். உங்களுக்குப் பின் அப்பக்கத்தைப் படிக்க வரும் மாணவரும் அங்கே தடைப்படாமல் மேலே செல்வார்.