நோயெதிர்ப்புச் சிகிச்சையும் குடல் அழற்சியும்

நோயெதிர்ப்புக் கலங்களுக்கு இயல்பாக உள்ள தடைகளைப் பயன்படுத்தியே புற்றுநோய் தப்பி வளர்கின்றது. அத்தடைகளை நீக்கிச் சிகிச்சையளிக்கும் வழியைக் கண்டறிந்தமைக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ ஆகிய இருவரும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இபிலிமுமாப், நிவோலுமாப் ஆகியன இவ்வகை மருந்துகளாகும். தடை நீங்கிய கலங்கள் சிலவேளை நலமான குடலையும் தாக்கி அழற்சியை உண்டாக்கும்.

வயிற்றோட்டம், வயிற்றுவலி, மலத்தில் இரத்தம் அல்லது சளி என்பன இதன் அறிகுறிகள். சிகிச்சை முடிந்து பல மாதங்களின் பின்னரும் இவை தோன்றலாம். ஆகவே, உணவு ஒத்துக்கொள்ளவில்லை எனக் கருதிக் கைவைத்தியத்துடன் காத்திருத்தல் ஆகாது. வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்வது நோயின் கடுமையை மறைத்துவிடலாம். கவனியாது விட்டால் குடலில் துளை விழுந்து உயிராபத்தும் நேரலாம்.

வழக்கத்தைவிட எத்தனை தடவை கூடுதலாக மலம் கழிகின்றது எனக் குறித்து, அன்றே சிகிச்சைப் பிரிவுக்கு அறிவியுங்கள். நாளொன்றுக்கு 4 தடவை கூடினால் மிதமான நிலை. 7 தடவை கூடினால் கடுமையான நிலை. காலந்தாழ்த்தாது தொடங்கினால் கோர்ட்டிசோன் மருந்தினால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். வைத்தியர்களின் பணிநேரத்திற்குப் பின் 116117 இலக்கத்தையும், கடும் வலி அல்லது இரத்தப்போக்கு இருப்பின் 112 இலக்கத்தையும் அழையுங்கள். எந்த வைத்தியரிடம் சென்றாலும் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்றதை முதலிலேயே கூறுங்கள்.