சொலாரிஸில் பெர்ல்: இன்டர்பிரட்டரை நாமே கம்பைல் செய்வது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு புதிய சாஃப்ட்வேரை நிறுவ நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டவுன்லோட் செய்த ஃபைலின் மேல் டபுள் கிளிக் செய்கிறீர்கள். பிறகு 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஃபினிஷ்'. அவ்வளவுதான். அந்த ஃபைலை உங்கள் பிராசசருக்கும் உங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கும் ஏற்றபடி யாரோ ஒருவர் முன்பே தயாரித்து வைத்திருக்கிறார் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படித் தயாரித்துத் தர ஆள் இல்லாத கம்ப்யூட்டர்களும் உண்டு. அங்கே நாமேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும். நான் வேலையில் பராமரிக்கும் ஒரு சொலாரிஸ் 10 சர்வரில் பெர்ல் மொழியை இப்படிக் கம்பைல் செய்ய வேண்டி வந்தது. அதையே உதாரணமாக வைத்து, கம்பைல் செய்வது என்றால் என்ன, அதில் எங்கெங்கே கவனம் வேண்டும் என்று பார்ப்போம். வீட்டில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்து பார்க்கும் வழியைக் கடைசியில் தந்திருக்கிறேன். கமாண்டுகளையும் டைரக்டரி பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்யவும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியே சொல்கிறேன்.

கம்பைலரும் இன்டர்பிரட்டரும்

பிராசசருக்குப் புரிவது எண்களால் ஆன மெஷின் மொழி மட்டுமே. சி போன்ற மொழியில் நாம் எழுதுவது சோர்ஸ் கோட். அதை முழுவதுமாக மெஷின் மொழிக்கு மாற்றித் தனி ஃபைலாகத் தருவது கம்பைலர். பெர்ல், பைத்தான், பிஎச்பி போன்றவை ஸ்கிரிப்டிங் மொழிகள். இவற்றில் எழுதும் ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். நோட்பேடிலேயே எழுதலாம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதைப் படித்து, அதில் சொன்ன வேலையைச் செய்து தருவது இன்டர்பிரட்டர்.

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். இன்டர்பிரட்டர் இருந்தால் கம்பைலர் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஸ்கிரிப்டுக்குத் தேவையில்லை, சரி. ஆனால் இன்டர்பிரட்டரும் ஒரு புரோகிராம்தானே! பெர்லை லாரி வால் 1987-ல் வெளியிட்டார். அந்த இன்டர்பிரட்டர் சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே சி கம்பைலர் இல்லாமல் பெர்ல் இல்லை. ஸ்பார்க் பிராசசருக்காகக் கம்பைல் செய்த பெர்ல் இன்டெல் பிராசசரில் ஓடாது. பிராசசர் ஒன்றாகவே இருந்தாலும், லினக்ஸுக்காகச் செய்ததைச் சொலாரிஸில் வைத்தால் ஓடாது. சமையல் குறிப்பை எந்த ஊருக்கும் தபாலில் அனுப்பலாம். அடுப்பை அந்தந்த வீட்டில்தான் போட வேண்டும்.

கம்பைலர் எங்கே?

யூனிக்ஸ் பெல் லேப்ஸில் 1969-ல் உருவாகத் தொடங்கியது. பிறகு பல நிறுவனங்கள் தங்கள் சொந்த யூனிக்ஸை உருவாக்கி விற்றன. சன் நிறுவனத்துக்குச் சொலாரிஸ், ஐபிஎம்முக்கு ஏஐஎக்ஸ், எச்பிக்கு எச்பி-யுஎக்ஸ். யூனிக்ஸ் வாங்கினால் சி கம்பைலரும் கூடவே வரும் என்பதுதான் முன்பு வழக்கம். சன் 1992-ல் சொலாரிஸ் 2 வெளியிட்டபோது கம்பைலரைப் பிரித்துத் தனி விலைக்கு விற்கத் தொடங்கியது. அதை வாங்காதவர்கள் 'சிசி' என்று டைப் செய்தால், 'லாங்குவேஜ் ஆப்ஷனல் சாஃப்ட்வேர் பேக்கேஜ் நாட் இன்ஸ்டால்ட்' என்ற செய்தி வரும். கமாண்ட் இருக்கிறது, கம்பைலர் இல்லை! உரல் இருக்கிறது, உலக்கை இல்லை என்பது போல.

எச்பி-யுஎக்ஸில் வேறு மாதிரி. அங்கே கூடவே வரும் சிசி உண்மையிலேயே ஒரு கம்பைலர்தான். ஆனால் அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலை மறுபடி உருவாக்குவதற்கு மட்டுமே ஏற்ற, பழைய இலக்கணச் சி கம்பைலர். அதைக் கொண்டு பெர்லைக் கம்பைல் செய்ய முடியாது என்று பெர்லுடன் வரும் எச்பி-யுஎக்ஸ் ரீட்மீ ஃபைலே எச்சரிக்கிறது.

இந்த நிலையில் பலருக்கும் கைகொடுத்தது ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட இலவசக் கம்பைலர் இது. ஆனால் ஜிசிசியும் அப்போது சி மொழியில் எழுதப்பட்டதுதான். அதைக் கம்பைல் செய்ய இன்னொரு கம்பைலர் வேண்டும். கோழி முதலா, முட்டை முதலா கதை! எனவே யாராவது ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த ஜிசிசியைத்தான் எல்லோரும் முதலில் தேடினார்கள். 2005-ல் வந்த சொலாரிஸ் 10-ல் இந்தச் சிரமம் இல்லை. '/யுஎஸ்ஆர்/எஸ்எஃப்டபிள்யூ/பின்' என்ற டைரக்டரியில் ஜிசிசி தரப்பட்டிருக்கிறது. சன்னின் சொந்தக் கம்பைலரும் அதே ஆண்டில் இலவசமானது. 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது.

இருக்கும் பெர்ல் போதாதா?

சொலாரிஸ் 10-ல் பெர்ல் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அதன் பதிப்பு 5.8.4. அது 2004-ல் வந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியை அச்சிட்டு அடுத்த வரிக்குப் போகும் 'சே' என்ற வசதியான கமாண்ட், 2007-ல் வெளியான 5.10-ல்தான் வந்தது. இப்போது எழுதும் ஸ்கிரிப்டை அந்த சர்வரில் போட்டால், 5.10 வேண்டும், இங்கே இருப்பது 5.8.4 மட்டுமே என்று சொல்லி நின்றுவிடும்.

உடனே பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாமே என்று தோன்றும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்துடன் வந்த இன்டர்பிரட்டரைத் தொடக் கூடாது. அது நமக்காக வைக்கப்பட்டதல்ல. சிஸ்டம் தன் சொந்த வேலைக்காக வைத்திருப்பது.

ஒரு நிறுவனத்தின் சர்வரில் இதை நேரில் பார்த்தேன். '/யுஎஸ்ஆர்/பின்/பெர்ல்' என்ற லிங்கை யாரோ புதிய பெர்லுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஸ்கிரிப்ட் நன்றாக ஓடியது. ஆனால் சர்வரின் டிஸ்க், நெட்வொர்க் புள்ளிவிவரங்களைத் தரும் 'கேஸ்டாட்' கமாண்ட் நின்றுவிட்டது. காரணம், சொலாரிஸ் 10-ல் கேஸ்டாட் என்பதே ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட்! அது பயன்படுத்தும் மாட்யூல் 5.8.4-க்காகக் கம்பைல் செய்யப்பட்டது. புதிய பெர்லால் அதை ஏற்ற முடியாது. கேஸ்டாட் தரும் எண்களை நம்பியிருந்த கண்காணிப்புத் திரை மூன்று நாட்களாக வெறுமையாக இருந்திருக்கிறது. டிஸ்க் நிறைந்துகொண்டிருப்பதும் யாருக்கும் தெரியவில்லை. லிங்கைப் பழையபடி திருப்பியதும் எல்லாம் சரியானது.

எனவே புதிய பெர்லைத் தனி டைரக்டரியில் வைக்க வேண்டும். நான் '/ஆப்ட்/பெர்ல்' என்று வைத்தேன். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் எந்த இன்டர்பிரட்டர் வேண்டும் என்று எழுதும் வழக்கம் யூனிக்ஸில் உண்டு. புதிய ஸ்கிரிப்டில் புதிய பெர்லின் முழு முகவரியை எழுதிவிட்டால் போதும். பழையவை பழையதிலேயே ஓடும்.

கம்பைல் செய்யும் முறை

முதலில் 'பாத்' சரியாக இருக்க வேண்டும். நாம் டைப் செய்யும் கமாண்டை எந்தெந்த டைரக்டரிகளில், எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். சொலாரிஸ் 10-ல் 'மேக்' கமாண்ட் '/யுஎஸ்ஆர்/சிசிஎஸ்/பின்' டைரக்டரியில் இருக்கிறது. அது வழக்கமான பாத்தில் இருக்காது. 'மேக் நாட் ஃபவுண்ட்' என்று வந்ததும் மேக்கை டவுன்லோட் செய்யக் கிளம்பியவர்கள் உண்டு. பாத்தில் அந்த டைரக்டரியையும் ஜிசிசி உள்ள டைரக்டரியையும் சேர்த்தால் போதும். '/யுஎஸ்ஆர்/யுசிபி' என்ற டைரக்டரி இவற்றுக்கு முன்னால் வராமல் பார்த்துக்கொள்ளவும். மேலே சொன்ன போலி சிசி இருப்பது அங்கேதான்.

பெர்ல் சோர்ஸ் கோடை 'ஜிஅன்ஸிப்', 'டார்' கமாண்டுகளால் விரித்த பிறகு 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்டை இயக்க வேண்டும். இதன் முதல் எழுத்து மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. பெயருக்கு முன்னால் புள்ளியும் ஸ்லாஷும் சேர்க்க வேண்டும். இது உங்கள் கம்ப்யூட்டரை ஒரு டாக்டர் போலப் பரிசோதிக்கும். முழு எண்ணுக்கு எத்தனை பைட், எந்தெந்த லைப்ரரிகள் இருக்கின்றன என்று நூற்றுக்கணக்கான விவரங்களைச் சிறு சிறு சி புரோகிராம்களை ஓட்டியே கண்டுபிடிக்கும். இடையிடையே நம்மிடமும் கேள்வி கேட்கும். 'ஹைஃபன் டி இ எஸ்' என்று சேர்த்தால் கேட்காமல் தானே வழக்கமான பதில்களை எடுத்துக்கொள்ளும். ஹைஃபன், பெரிய டி, அதை ஒட்டி 'பிரிஃபிக்ஸ்', சமக்குறி, டைரக்டரி பெயர் என்று இடைவெளியின்றி எழுதினால் எங்கே நிறுவ வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம். அதே முறையில் 'சிசி' சமம் 'ஜிசிசி' என்று கம்பைலரையும் சொல்ல வேண்டும்.

கம்பைலரின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த 5.36 முதல், 1999-ஆம் ஆண்டுச் சி தரத்தின் சில வசதிகள் பெர்லுக்குத் தேவைப்படுகின்றன.

அடுத்து 'மேக்' என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டவும். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. முழுப் பெர்ல் நேரடியாக உருவாவதில்லை. முதலில் 'மினிபெர்ல்' என்ற குட்டி இன்டர்பிரட்டர் உருவாகிறது. மீதி வேலையில் பல பகுதிகள் பெர்ல் ஸ்கிரிப்டுகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை இந்தக் குட்டிதான் ஓட்டுகிறது. அதாவது, பாதி பிறந்த பெர்ல் மீதிப் பெர்லைத் தானே கட்டிக்கொள்கிறது! கோழியா முட்டையா சிக்கலை அழகாகத் தாண்டிய இடம் இது.

முடிந்ததும் உடனே நிறுவிவிடாதீர்கள். 'மேக் டெஸ்ட்' கொடுங்கள். பழைய சர்வரில் இதற்கு நிறைய நேரம் ஆகும். ஆகட்டும். இப்போதைய பெர்ல் பதிப்புகளில் 2,000-க்கும் மேற்பட்ட டெஸ்ட் ஃபைல்கள் இருக்கின்றன. தோல்வி ஏதும் இருந்தால் கடைசியில் பட்டியல் வரும். லொகேல் செட்டிங் சரியில்லாமல் சில டெஸ்ட்கள் விழலாம். அது பெர்லின் குறையாக இருக்காது. ஆனால் எண்களைக் கணக்கிடும் டெஸ்ட் விழுந்தால் நான் நிறுவ மாட்டேன். அந்த சர்வரில் ஓடுவது பில் தொகை கூட்டும் ஸ்கிரிப்ட். கூட்டல் தவறினால் எரர் மெசேஜ் வராது, தவறான பில்தான் போகும். இப்படி நேர்ந்தால் கம்பைலரின் ஆப்டிமைசேஷனைக் குறைத்து மறுபடி கம்பைல் செய்து பார்க்கலாம். எல்லாம் சரி என்றால் 'மேக் இன்ஸ்டால்'.

பகலில் ஓடும், இரவில் ஓடாது

நிறுவியாகிவிட்டது, கையால் இயக்கினால் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஆனால் இரவு 2 மணிக்குத் தானாக ஓட 'கிரான்' மூலம் ஏற்பாடு செய்தால் ஓடுவதில்லை. 'லிப்ஜிசிசி_எஸ்' என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் இருக்கும். சொலாரிஸில் ஜிசிசி பயன்படுத்திய பலருக்கும் இந்தச் செய்தி பழக்கமானது.

காரணம் இதுதான். ஜிசிசி கொண்டு உருவாக்கிய பகுதிகள், இயங்கும் நேரத்தில் ஜிசிசியின் லைப்ரரியைத் தேடலாம். நீங்கள் லாகின் செய்யும்போது 'எல்டி லைப்ரரி பாத்' என்ற செட்டிங்கில் அதன் இடம் எழுதியிருந்தால் கிடைத்துவிடும். கிரான் உங்கள் லாகின் செட்டிங்குகளைப் படிப்பதில்லை. அதற்குத் தெரிந்தது மிகச் சில செட்டிங்குகள்தான். கம்பைல் செய்யும்போதே, லிங்கருக்குப் பெரிய எழுத்து ஆர் என்ற ஆப்ஷனுடன் லைப்ரரி டைரக்டரியைச் சொல்லிவிட்டால் அந்த முகவரி புரோகிராமுக்குள்ளேயே பதிந்துவிடும். எதெல்லாம் தேவை, எது கிடைக்கவில்லை என்பதை 'எல்டிடி' என்ற கமாண்ட் காட்டும். நிறுவியவுடன் ஒருமுறை எல்டிடி பார்த்துவிட்டால் இரவில் தொலைபேசி அடிக்காது.

வீட்டில் செய்து பார்க்க

விண்டோஸ் 11-ல் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'டபிள்யூஎஸ்எல்' என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனுடன் 'இன்ஸ்டால்' சேர்த்து என்டர் தட்டவும். ரீஸ்டார்ட் செய்ததும் உபுண்டு லினக்ஸ் கிடைக்கும். இது சொலாரிஸ் அல்ல. ஆனால் படிகள் ஏறக்குறைய அவையேதான். 'சூடூ ஆப்ட் அப்டேட்' கொடுத்து, பிறகு 'சூடூ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்' கொடுத்தால் ஜிசிசியும் மேக்கும் வந்துவிடும். சிபேன் தளத்திலிருந்து பெர்ல் சோர்ஸை எடுத்து விரித்து, பிரிஃபிக்ஸாக உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் 'லோக்கல்பெர்ல்' என்ற பெயரைக் கொடுங்கள். மற்றவை மேலே சொன்னபடியே. சூடூ இனித் தேவையில்லை.

முடித்த பின் 'விச் பெர்ல்' என்று கொடுத்துப் பாருங்கள். இன்னமும் '/யுஎஸ்ஆர்/பின்/பெர்ல்' என்றுதான் வரும். வரவேண்டியதும் அதுதான், உபுண்டுவும் தன் வேலைகள் சிலவற்றுக்கு அந்தப் பெர்லை வைத்திருக்கிறது. உங்களுடையதை லோக்கல்பெர்லுக்குள் உள்ள பின் டைரக்டரியிலிருந்து முழு முகவரியுடன் இயக்கி, பெரிய எழுத்து வி ஆப்ஷன் கொடுத்தால், எந்தக் கம்பைலரால், எந்த ஆப்ஷன்களுடன் அது உருவானது என்பது வரை எல்லாம் திரையில் வரும். போதும் என்று தோன்றும் நாளில் லோக்கல்பெர்ல் டைரக்டரியை மட்டும் டெலீட் செய்துவிடலாம்.