விரைவீக்கமா? வெட்கம் வேண்டாம்!

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிதான் இதை முதலில் கண்டுபிடிப்பார். "என்னடி இது, பிள்ளைக்கு ஒரு பக்கம் வீங்கின மாதிரி இருக்கு?" வீடே பதறிப் போகும். அதே வீட்டில் தாத்தாவுக்கு இருபது வருஷமாக வீக்கம் இருக்கும். வேட்டி மறைவில் யாருக்கும் தெரியாது! குழந்தைக்குத் தேவை பொறுமை. பெரியவருக்குத் தேவை அவசரம். நாம் செய்வதோ தலைகீழ்.

நீர் எப்படி இறங்குகிறது?

கருவில் விதைகள் வயிற்றுக்குள் இருக்கும். பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் கீழிறங்கி விதைப்பைக்கு வரும். வந்த பாதை பிறகு தானாக மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் வயிற்றில் இயல்பாக ஊறும் நீர் அதன் வழியே இறங்கித் தேங்கும். இதுதான் ஹைட்ரோசில் எனும் விரைவீக்கம். வலி இருக்காது. காலையில் சிறுத்தும் மாலையில் பெருத்தும் தெரிந்தால், பாதை இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருமுறை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் தானே சரியாகிவிடும். இரண்டு வயதாகியும் வற்றவில்லையா? அடிவயிற்று மடிப்பில் சிறு கீறல் போட்டுப் பாதையைக் கட்டிவிடுவார்கள். கழற்சிக் கொழுந்தை வதக்கிக் கட்டுவது பழைய வழக்கம். அது திறந்த பாதையை மூடாது. சூடு பட்டால் பிஞ்சுத் தோல் வெந்துவிடும்!

டார்ச் லைட் சோதனை

இருட்டறையில் வீக்கத்தின் மேல் டார்ச் அடித்துப் பார்ப்பார் டாக்டர். நீர் என்றால் சிவப்பாக ஒளிரும். "இதை நாமே பார்த்துக்கலாமே?" என்று இறங்கிவிடாதீர்கள். கைக்குழந்தையின் குடல் மெல்லியது. குடலிறக்கத்திலும் ஒளி தெரியலாம். சந்தேகம் வந்தால் ஸ்கேன் சொல்லிவிடும்.

பெரியவர்களுக்கு ஏன்?

மேலூர், சோழவந்தான் பக்கம் கேட்டால், "மூட்டை தூக்கினதால வந்தது" என்பார்கள். பாரம் தூக்குவதால் வருவது குடலிறக்கம். விரைவீக்கம் அடிபட்டதாலோ, கிருமித் தொற்றாலோ வரலாம். பலருக்குக் காரணமே தெரியாது. அபூர்வமாக, நீருக்குப் பின்னால் விதைப் புற்றுநோய் ஒளிந்திருக்கும். இளைஞர்களுக்குப் புதிதாக வீங்கினால் ஸ்கேன் அவசியம் என்பது இதனால்தான்.

இன்னொரு காரணம், யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழு. கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட நோய் அது. பரப்புவது கியூலெக்ஸ் கொசு. நம் கிருதுமால் நதி போலச் சாக்கடை கலந்து தேங்கிய நீர் அதற்குத் தொட்டில்! கொசுக்கள் பரப்பும் நோய்களை ஆராய 1985-ல் மதுரையிலேயே ஒரு மையம் தொடங்கியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் நாடு முழுக்க வருடாந்திர மாத்திரை தரப்பட்டது. இந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலவும். அதனால்தான் ராத்திரியில் ரத்தம் எடுக்க வருகிறார்கள். மாத்திரை புழுவை அடக்கும். ஆனால் பெருத்துவிட்ட பையை வற்றவைக்க அதை மட்டும் நம்ப முடியாது.

ஆபரேஷன் பயம்

ஊசியால் நீர் எடுத்தால் மறுபடி ஊறும். சீழ் பிடிக்கவும் கூடும். நிரந்தரத் தீர்வு ஆபரேஷன்தான். நீர் ஊறும் உறையைத் திருப்பித் தைப்பார்கள், அல்லது வெட்டி எடுப்பார்கள். சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது. "ஆண்மை போயிடுமா?" போகாது! செலவுக்குப் பயப்படுகிறவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

* திடீரென்று தாங்க முடியாத வலி. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

* குழந்தையின் வீக்கம் கல் போல இறுகி, வீறிட்டு அழுது, வாந்தி எடுத்தால் குடல் சிக்கியிருக்கலாம்.

* காய்ச்சலோடு விதைப்பை சிவந்து சுட்டால்.

வீட்டு ஆண்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். நடை மாறினாலோ, உட்காரச் சிரமப்பட்டாலோ, நீங்களே கேட்டுவிடுங்கள்.