விடியற்காலையில் மீன் சொல்லும் செய்தி

மதுரை வட்டாரத்து உழவர்களுக்கு மீன் வளர்ப்பு புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் குஞ்சு விடுவதும், சித்திரை, வைகாசியில் நீர் வற்றியதும் பிடிப்பதும் நெடுநாளைய வழக்கம். பெரியாறு-வைகைப் பாசனத்தில் நீர் பெறும் கண்மாயானாலும், மழையை மட்டுமே நம்பிய கண்மாயானாலும் மீன்பாசி குத்தகை ஊருக்கு ஒரு வருமானம். அண்மைக் காலத்தில் சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, பாசனத்தோடு மீனும் வளர்ப்போர் தொகை பெருகி வருகிறது.

இவர்களில் பலருக்கு நேரும் ஓர் இழப்பு உண்டு. ஆறேழு மாதம் தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்த மீன், விற்கும் பருவத்தில், ஒரே இரவில் செத்து மிதக்கிறது. முதல் நாள் மாலை வரை துள்ளிய மீன் காலையில் இல்லை. யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் குட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே மீன் தன் நடமாட்டத்தால் எச்சரிக்கை செய்வதும் உண்டு. அந்த எச்சரிக்கையை எப்படி அறிவது, அறிந்தபின் என்ன செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரே காற்று, நீரே அடுப்பு

மாடும் ஆடும் வெயில் கடுமையானால் நிழலுக்குப் போகும். அவற்றின் உடல் வெப்பமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மீனுக்கு இந்த வசதி இல்லை. நீரின் வெப்பநிலை எதுவோ அதுவே பொதுவாக மீனின் உடல் வெப்பநிலையும். நீர் சூடேறினால் மீனின் உடலில் நடக்கும் வேலைகள் விரைவுபடுகின்றன. 10 டிகிரி உயர்ந்தால் மூச்சின் தேவை ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

மீன் சுவாசிப்பதும் ஆக்சிஜன் எனப்படும் பிராணவாயுவைத்தான். ஆனால் அது நீரில் மிகச் சொற்பமாகவே கரைகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்க, 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் காற்றிலிருந்து சுமார் 7.6 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. நீர் சூடேறச் சூடேற கரையும் அளவு குறைகிறது. 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம், 25 டிகிரியில் 8.3, 35 டிகிரியில் 6.9. அதாவது, மீனுக்குத் தேவை கூடும் அதே கோடையில் நீரின் இருப்பு குறைகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போன்றது அந்த நிலை.

இந்தச் சொற்ப இருப்பையும் எடுத்துக்கொள்ளத் தக்கவாறு செவுள் அமைந்துள்ளது. செவுள் இதழ்களில் ரத்தம் ஒரு திசையில் ஓட, நீர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அதனால் நீரிலுள்ள பிராணவாயுவில் பெரும்பகுதியை மீன் எடுத்துக்கொள்கிறது. இருப்பு குறைந்தால் செவுள்மூடியை விரைந்து அசைக்கிறது. அதுவும் போதாவிட்டால் தீனியை விடுகிறது, நீந்துவதைக் குறைக்கிறது, கடைசியில் மேலே வந்து வாயைத் திறக்கிறது. நீரின் மேற்படலத்தில்தான் காற்று பட்டுச் சிறிது பிராணவாயு கரைந்திருக்கும். அதைத் தேடியே மீன் வருகிறது.

கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது நலம். 3-க்குக் கீழே போனால் மீன் தளரும். 1-க்குக் கீழே சாவு நேரலாம்.

ஏன் விடியற்காலையில்?

குட்டை நீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. பகலில் வெயிலின் துணையால் இப்பாசி பிராணவாயுவை வெளிவிடுகிறது. ஆகவே பிற்பகலில் நீரில் இருப்பு மிகுதி. பொழுது சாய்ந்ததும் இந்த உற்பத்தி நின்றுவிடுகிறது. அதன்பின் மீன், பாசி, சேற்றில் மட்கும் சாணம், தின்னாமல் விட்ட தீனி ஆகிய அனைத்தும் இருப்பையே செலவிடுகின்றன. இரவு முழுவதும் செலவு, வரவு இல்லை. சூரியன் உதிக்கும் முன்னர்தான் இருப்பு மிகக் குறைவு. பகல் 10 மணிக்குக் குட்டையைப் பார்ப்பவர் எல்லாம் நலம் என்று எண்ணித் திரும்புவார். காலை 5 மணிக்குப் பார்ப்பவருக்கே உண்மை தெரியும்.

இரண்டு சமயங்களில் அபாயம் மிகுதி. ஒன்று, தொடர்ந்து மேகம் மூடிய நாட்கள். பகலிலும் பாசிக்கு வெயில் கிடைக்காததால் இரவுக்கு வேண்டிய இருப்பு சேருவதில்லை. மற்றொன்று, கோடை மழை. ஆழமான பண்ணைக்குட்டையில் வெயில் நாட்களில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரு அடுக்காக நிற்கும். அடியடுக்கில் சேறு மட்கிப் பிராணவாயு இராது. திடீரென்று காற்றும் மழையும் வந்து மேல்நீர் குளிர்ந்தால் இரண்டும் கலந்து, கெட்ட நீர் முழுவதும் பரவுகிறது. கோடை மழைக்கு மறுநாள் மீன் மிதப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இடியோ மின்னலோ அல்ல.

விரால் ஏன் சாவதில்லை?

மேலூர்ப் பக்கத்து மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வற்றிய கண்மாயில் ஊர் மக்கள் ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கிக் கலக்கியதும், கெண்டை மேலே வந்து திணறும். விராலோ சேற்றுக்குள் திடமாக இருக்கும். விரால், குரவை, தேளி, பனையேறிக்கெண்டை ஆகியவற்றுக்குச் செவுளோடு காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. பனையேறிக்கெண்டை மழைநாளில் செவுள்மூடி முட்களை ஊன்றி ஈரத்தரையில் ஊர்ந்து செல்லும். 1791-ல் தரங்கம்பாடியில் இம்மீனைப் பனைமரத்தில் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்தார். தானே ஏறியதா, பறவை கொண்டுபோய் வைத்ததா என்பது நெடுநாள் விவாதம். தரையில் ஊர்வதில் ஐயமில்லை.

ஆனால் இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. விரால் மேலே வந்து காற்றை எடுத்தே தீரவேண்டும். தடுத்தால் நல்ல நீரிலும் மூச்சடைத்துச் சாகும். ஒவ்வொரு முறை மேலே வந்து போவதற்கும் தின்ற தீனியின் ஒரு பகுதி செலவாகிறது. இதை நம் மதுரைப் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ந்தார்கள். பேராசிரியர் டி. ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் விரால் குஞ்சுகளை வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் வளர்த்துப் பார்த்து, 1976-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீர் ஆழமானால் குஞ்சு நீந்தும் தூரமும் கூடியது. தீனி வளர்ச்சியாக மாறுவது குறைந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குஞ்சு நாளொன்றுக்கு 1,000 முறை மேலே வந்து போவதாக வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அது போக வர 800 மீட்டர் நீந்த வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 200 மீட்டர் போதும். மிச்சமாகும் சக்தி உடல் வளர்ச்சிக்குப் போகிறது. ஆகவே விரால் குஞ்சுகளை முதலில் ஆழம் குறைந்த தொட்டியில் பேணி, வளர்ந்தபின் குட்டையில் விடுவது நல்லது. தொட்டிக்கு நிழல் அவசியம். ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடவிடக் கூடாது.

வரத்து நீரும் எதிர்நீச்சலும்

மீனின் உடலில் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுவதைக் காணலாம். நீரின் அசைவை உணரும் உறுப்பு அது. புதுவெள்ளம் வரும்போது மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மழை, குளிர்ச்சி, ஓடும் நீர் ஆகியவை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குட்டையில் சாதாரணமாக முட்டையிடாததற்குக் காரணம், இந்தத் தூண்டுதல் இல்லாமையே. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார்கள். இன்று நாம் குஞ்சு வாங்க முடிவது அதன் பயன். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

உழவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முதல் மழைக்கு முன்பே வரத்துக்காலிலும் கலுங்கிலும் வலையோ மூங்கில் தட்டியோ கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் வளர்ந்த மீன் ஏறியும் போகும், மறுகாலோடு இறங்கியும் போகும். விரால் குட்டைக்குச் சுற்றிலும் வலைவேலி தேவை.

மீன் காட்டும் குறிகளும் செய்ய வேண்டியவையும்

1. விடியலில் சில மீன்கள் வாயைத் திறந்து நிற்கின்றன; கைதட்டினால் உள்ளே போகின்றன; வெயில் ஏறியதும் மறைகின்றன. இது முதல் எச்சரிக்கை. அன்று தீனியும் சாணமும் போடாதீர்கள்.

2. அடிமட்டத்தில் மேயும் மிர்காலும் சாதாக்கெண்டையும் மேலே திரள்கின்றன, சத்தத்துக்கும் விலகவில்லை. இது அவசர நிலை. பாசன எஞ்சினைக் கொண்டு குட்டை நீரையே இறைத்து, மழைபோல் மேலிருந்து விழச் செய்யுங்கள். புதுநீர் இருந்தால் பாய்ச்சுங்கள். சேற்றைக் கலக்காதீர்கள். வெயில் ஏறும் வரை இறைப்பு நிற்கக் கூடாது.

3. மீன் வரத்து மடைவாயிலேயே கூடி நிற்கிறது. அங்குதான் நல்ல நீர் இருக்கிறது என்று பொருள். குட்டையின் மற்றப் பகுதி கெட்டு வருகிறது.

4. வெயில் நேரத்திலும் மீன் சுழன்று, தாறுமாறாக ஓடிச் சாகிறது. விரால், நண்டு, நீர்ப்பூச்சிகளும் சாகின்றன. இது மருந்து நஞ்சின் குறி. மேட்டு வயலில் பூச்சிமருந்து தெளித்த நீர் வடிந்து வந்ததா என்று பார்த்து, மடையை அடையுங்கள்.

பிராணவாயுக் குறைவில் பெரிய மீன் முதலில் சாகும், விரால் பிழைக்கும், சாவு விடியலில் நேரும். அண்டை வீட்டாரைச் சந்தேகிக்கும் முன் இந்த வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது.

முன்னதாகச் செய்ய வேண்டியவை

மீன் எண்ணிக்கை அளவோடு இருக்கட்டும். 10 சென்ட் குட்டையின் பரப்பு சுமார் 400 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் 400 குஞ்சுகளே மேல் எல்லை. நீர் வரத்து உறுதியில்லாத இடத்தில் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு வாங்கி வந்ததும் பையைப் பிரித்துக் கொட்டாதீர்கள். பையிலுள்ள நீரும் குட்டை நீரும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, பின்பு குஞ்சுகள் தாமே வெளியேற விடுங்கள். காலையோ மாலையோ தக்க நேரம்.

தீனியைக் கணக்கிட்டுப் போடுங்கள். 400 மீன்கள் சராசரி 200 கிராம் என்றால் மொத்தம் 80 கிலோ. 2 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 1.6 கிலோ தீனி. வெயில் ஏறியபின், ஒரே இடத்தில், தட்டிலோ சாக்கிலோ வைத்துக் கொடுத்தால் மிச்சம் தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள்.

பாசியின் அளவை அறியக் கருவி வேண்டியதில்லை. நடுப்பகலில் முழங்கை வரை கையை நீரில் நேராக இறக்குங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நீர் நலம். மணிக்கட்டு நனையும் முன்பே விரல்கள் மறைந்தால் பாசி மிகுதி. சாணம் போடுவதை நிறுத்துங்கள். பங்குனி பிறந்து நீர்மட்டம் பாதியானதும், விற்கும் அளவு வந்த மீனைப் பிடித்து விற்றுவிடுங்கள். மீதியுள்ள மீனுக்கு இடமும் மூச்சும் கிடைக்கும். உங்களுக்குக் கைமுதலும் திரும்பும்.

பயிரின் இலையைப் பார்த்து உரக்குறைவை அறிகிறோம். அதுபோல மீனின் நடமாட்டத்தைப் பார்த்து நீரின் நிலையை அறியலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. பால் கறக்க எழும் நேரத்தில் கரைமேல் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். மேகமூட்டமான நாட்களிலும் கோடை மழைக்கு மறுநாளும் இந்தப் பார்வையைத் தவறவிடாத உழவர், ஆறு மாத உழைப்பை ஓர் இரவில் இழக்காமல் காத்துக்கொள்ளலாம்.