புதுக் கோழியைக் கூட்டத்தில் சேர்க்க எந்த வழி நல்லது?

கிள்ளான் பாசாரில் ஒரு கம்பத்துக்கோழிப் பெட்டை வாங்கிவந்து, வீட்டில் ஏற்கெனவே மேயும் நான்கைந்தோடு சேர்க்கப் போகிறீர்களா? எப்படிச் சேர்ப்பது என்பதற்கு முன், மூன்று நான்கு வாரம் அதைத் தனியே வையுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் தொற்றிய கோழி சில நாள் நன்றாகவே மேயும். நோய் வெளியே தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். 1926இல் பக்கத்து ஜாவாவிலேயே கண்டறியப்பட்ட நோய் இது. இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, புதியதைக் கடைசியாகக் கவனித்துக் கைகழுவுங்கள்.

சிலர் நேரே திறந்து விட்டுவிடுவார்கள். காப்பார், பந்திங் பக்கம் நிலத்தோடு வீடு இருந்தால் சரி, துரத்தினால் ஓட இடமுண்டு. தாமான் வீட்டுப் பின்கட்டில் எங்கே ஓடும்? பழைய பெட்டை கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்து கொண்டையைக் கவ்வும். புதியது மூலையில் தலையைச் செருகி நிற்கும், தண்ணீருக்குக்கூட வராது. நம் வெயிலில் ஒரு பகல் அப்படி நின்றால் சுருண்டுவிடும்.

இரவில் கூட்டுக்குள் வைப்பது இன்னொரு வழி. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் சண்டை வராது. விடிந்ததும் வரும். ஏழு மணிவாக்கில் வெளிச்சம் வரும்போது கூட்டைத் திறந்துவிட ஆள் வேண்டும். ஆறு மணிக்கே கொமுட்டர் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

என் தேர்வு பஞ்சாரம். கிடைக்காவிட்டால் கம்பிக்கூண்டு. மற்றவை மேயும் இடத்திலேயே, நிழலில், தீனி தண்ணீரோடு பகலில் கவிழ்த்து வையுங்கள். ஜிங்க் கூரைக்கு அடியில் வேண்டாம். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். புதியது வந்தால் அந்த வரிசை குலையும். பத்து நாள் பார்த்துப் பழகினால் மறுபடி அமைவது எளிது. இரவில் கூண்டை உள்ளே எடுத்துவிடுங்கள்: மூசாங்கும் மலைப்பாம்பும் தாமானுக்குள்ளும் வரும்.

ஒன்றை வாங்காமல் இரண்டாக வாங்குங்கள், கொத்து பங்காகும். பழையவற்றின் அளவுக்கு வளர்ந்த விடைக்கோழிகளாக இருக்கட்டும். பதினாறு வாரத்துக்கும் குறைந்ததென்றால் முட்டைக்கோழித் தீனி ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சேர்த்தபின் தீனித்தட்டை இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டு கொத்து, ஒரு துரத்தல் என்றால் விட்டுவிடலாம். ரத்தம் கண்டால் உடனே பிரித்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் கொத்த வரும்.

தாமான் வீட்டுக்குப் பஞ்சார வழியைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். கோழி வாங்குமுன், உங்கள் பகுதியில் வளர்க்க அனுமதி உண்டா என்று ஊராட்சி மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.